குறைந்த சம்பளமும் கிரெடிட் கார்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். பிடித்தம் போக மாதம் 14,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவும் என்று கிரெடிட் கார்டு கேட்டேன். இரண்டு வங்கிகள் மறுத்துவிட்டன. வேறு வங்கிகளில் முயலலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் வங்கி உங்கள் கடன் அறிக்கையை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவைப் பார்க்கிறது. பார்த்த விவரமும் அதில் பதிவாகிறது. சில மாதங்களுக்குள் இத்தகைய பதிவுகள் பல சேர்ந்தால், நீங்கள் பண நெருக்கடியில் இருப்பதாகவே அடுத்த வங்கி கருதும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முதலில் அதை வாங்கி, நீங்கள் வாங்காத கடன் ஏதேனும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு, கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே, ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டு உண்டா என்று கேளுங்கள். இதற்குப் பெரும்பாலும் சம்பளச் சான்று கேட்க மாட்டார்கள். 15,000 ரூபாய் போட்டால், பொதுவாக அதில் 80 அல்லது 90 சதவீதம் வரை செலவு வரம்பு கிடைக்கும். டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது, பாக்கி வைத்தால் வங்கி அதிலிருந்தே பிடித்துக்கொள்ளும் என்பதை அறிந்தே கையெழுத்திடுங்கள். மளிகை, மின்கட்டணம் என்று எப்படியும் செய்யும் செலவை மட்டும் அதில் செய்து, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டி வந்தால் உங்கள் பெயரில் நல்ல கடன் வரலாறு உருவாகும்.

கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் இந்தக் கார்டைத் தொடாதீர்கள். அதற்குக் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது.

கேள்வி: கார்டில் 20,000 ரூபாய் பாக்கி. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் கடன் குறையவே இல்லையே, ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 1,000 ரூபாய் கட்டியதும் பாக்கி 19,000. அடுத்த மாதம் அதற்கு வட்டி 665 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ஏறத்தாழ 120 ரூபாய். ஆக, பாக்கி மீண்டும் 19,785. ஆயிரம் ரூபாய் கொடுத்தும் அசலில் குறைந்தது சுமார் 215 ரூபாய்தான். உழைத்துச் சேர்த்த பணம் இப்படிக் கரைவதைப் பார்க்க உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. இதைவிட மோசம், பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

எனவே, இன்றே கார்டில் செலவு செய்வதை நிறுத்துங்கள். ஏடிஎம்மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். பாக்கியை மாதத் தவணையாக மாற்ற முடியுமா என்று வங்கியில் கேட்டு, செயல்பாட்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவெடுங்கள். வீட்டில் நகை இருந்தால், அடகுக் கடைக்குப் போகாமல், பொதுத்துறை வங்கியில் நகைக் கடன் வாங்கி இந்தப் பாக்கியை அடைப்பது நல்லது. ஆண்டுக்கு 42 சதவீதம் ஆகும் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கே ஆகாது. பாக்கியைவிடக் குறைவான ஒரு தொகை கொடுத்தால் கணக்கை முடித்துவிடலாம் என்று வசூல்காரர் சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். முழுதாகக் கட்டாமல் சமரசமாக முடித்தது என்றே கடன் அறிக்கையில் பதிவாகும், பின்னால் கடன் கேட்கும்போது அது தடையாக நிற்கும்.

கேள்வி: வேண்டாத கார்டை மூடச் சொன்னால் வங்கி இழுத்தடிக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, சேலம்

பதில்: பாக்கி எதுவும் இல்லையென்றால், கோரிக்கை வந்த ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி கார்டை மூடியாக வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, அதன் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். வங்கியில் புகார் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.