விரலில் 97 காட்டுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறதே டாக்டர்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் கையில் வலுக் குறைந்தது. நரம்பு டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்து, மோட்டார் நியூரான் நோய் என்றார். நான்கு மாதமாகப் பேச்சு குழறுகிறது. போனில் பேசினால் மகளுக்கே புரிவதில்லை. இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஈஸிசேரில்தான் தூங்குகிறார். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிகிறார். விரலில் மாட்டும் கிளிப்பில் எப்போது பார்த்தாலும் 97. ஓர் ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்ததால் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறதா, இல்லையா?
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்தத் தூக்க மாத்திரையைத் தூரப் போடுங்கள். கொடுக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. சிலிண்டரையும் இப்போது வாங்க வேண்டாம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: மோட்டார் நியூரான் நோய் என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்லக் கெடும் நோய். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அவருடைய மூச்சுத் தசைகளும் தளர்ந்திருக்கின்றன. கிளிப் 97 காட்டுவதால் அது இல்லையென்று ஆகிவிடாது.

கிளிப் அளப்பது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை மட்டும்தான். அவருக்கு நுரையீரலில் கோளாறு இல்லை, அதை விரித்துச் சுருக்கும் தசைகளில்தான் கோளாறு. மூச்சு ஆழமில்லாமல் போனால் முதலில் தேங்குவது கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் இறங்குவது கடைசியில். தேங்கிய கார்பன் டை ஆக்சைடு மூளையின் ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது, அதுதான் அந்தக் காலைத் தலைவலி. ராத்திரி முழுக்க அரைகுறை உறக்கம், அதனால் பகல் தூக்கம். கனவு காணும் உறக்கத்தில் மற்ற மூச்சுத் தசைகளெல்லாம் தளர்ந்துவிடும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை ஒன்றுதான் பாரம் இழுக்கும். அது சோர்ந்தவருக்கு ராத்திரிதான் முதலில் சிக்கல் வரும்.

படுத்தால் முட்டுவதற்கும் அதே காரணம். உட்கார்ந்திருக்கும்போது வயிற்றுச் சரக்கெல்லாம் தன் எடையால் கீழே இறங்கி, உதரவிதானத்துக்கு வழி விடுகிறது. படுத்தால் அது மேலே ஏறி அழுத்துகிறது. முடிந்தால் அவரைச் சாய்வாகப் படுக்க வைத்து, தொப்புளுக்கு மேல் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். கை உள்ளே அமிழ்ந்தால், கழுத்துத் தசைகள் கயிறுபோல் புடைத்தால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு முட்டினால் உடனே நிமிர்த்திவிடுங்கள். இதற்காக அவரை வருத்த வேண்டாம்.

அப்புறம் அந்த "ஒத்துழைக்கவில்லை". இந்த வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உதடு வலுவிழந்தவரால் குழாயை இறுக்கிப் பிடிக்க முடியாது. ஓரமாகக் காற்று ஒழுகும், அண்ணம் (வாயின் மேற்கூரை) தளர்ந்திருந்தால் மூக்கு வழியாகவும் போகும். மூன்று தடவைக்கு மூன்று எண் வரத்தான் செய்யும். அவர் ஒத்துழைத்திருக்கிறார், அவருடைய உதடுதான் ஒத்துழைக்கவில்லை. குழாய்க்குப் பதிலாக முகமூடி வைத்து ஊதச் செய்யலாம். இல்லையென்றால், ஒரு மூக்குத் துளையில் சின்ன அடைப்பானை வைத்து, பூவை மோந்து பார்ப்பதுபோல் சுருக்கென்று உறிஞ்சச் சொல்லி, அந்த இழுவிசையை அளக்கலாம். இதற்கு உதடு தேவையே இல்லை. அடுத்த முறை போகும்போது இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஊதும் டெஸ்டை உட்கார்ந்து ஒருமுறை, படுத்து ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். படுத்ததும் கால்வாசிக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அவர் வயது, உயரத்துக்கு இருக்க வேண்டிய அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சு மெஷின் பற்றிப் பேச வேண்டிய நேரம். உங்கள் வீட்டுக்காரருக்கு இத்தனை அறிகுறி இருக்கும்போது, 50 வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை.

இனி பேச்சு. மூச்சு வேறு, குரல் வேறு, பேச்சு வேறு. நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வித்வானின் மூச்சு ஒன்று, சீவாளி ஒன்று, துளைகளில் ஓடும் விரல் ஒன்று. மூச்சு குறைந்தால் வாசிப்பு பாதியில் அறுந்துபோகும். சீவாளி கெட்டால் நாதமே கரகரக்கும். விரல் தடுமாறினால் ஸ்வரம் பிசகும். நம் உடம்பில் சீவாளி குரல்வளையில் இருக்கும் நாண்கள், விரல்கள் நாக்கும் உதடும் அண்ணமும். மோட்டார் நியூரான் நோயில் மூன்றும் கெடலாம், ஆனால் மூன்றும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. பேச்சு மிகவும் குழறியும் மூச்சு நன்றாக இருப்பவர்கள் உண்டு. தெளிவாகப் பேசிக்கொண்டே மூச்சு தேய்பவர்களும் உண்டு. அதனால் ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்காமல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். பாப்பா, தாத்தா, காக்கா: இந்த மூன்று சொல் போதும். பாப்பா மழுங்கினால் உதடு, தாத்தா மழுங்கினால் நாக்கு நுனி, காக்கா மழுங்கினால் நாக்கின் அடிப்பகுதி. சொல்லும்போது மூக்குக்குக் கீழே ஒரு கைக்கண்ணாடியைப் பிடியுங்கள், நல்ல எவர்சில்வர் தட்டும் சரிதான். இந்தச் சொற்களுக்குக் கண்ணாடி பனிக்கக் கூடாது. பனித்தால் அண்ணம் மூடாமல் காற்று மூக்கு வழியே கசிகிறது. "அம்மா" சொல்லிச் சோதிக்காதீர்கள், அதற்கு எல்லாருக்குமே பனிக்கும். வாழைப்பழமும் வேண்டாம். நம் வட ஆற்காட்டில் நாக்கு நன்றாக உள்ளவர்களே "வாயப்பயம்" என்றுதானே சொல்கிறோம்!

குரலுக்கு, நன்றாக மூச்சிழுத்து "ஆ" என்று ஒரே இழுப்பாக இழுக்கச் சொல்லுங்கள். திடமான ஆண் 15 நொடிக்கு மேல் தாராளமாக இழுப்பார். எத்தனை நொடி என்பதோடு எப்படி ஒலிக்கிறது என்பதையும் கவனியுங்கள். காற்று கலந்து கிசுகிசுப்பாக வருகிறதா, தொண்டையை நெரித்ததுபோல் இறுகுகிறதா? சாப்பிட்ட பிறகு களகளவென்று ஈரமாக ஒலித்தால், எச்சிலோ சாப்பாடோ குரல்வளை மேல் தங்கி நிற்கிறது; அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

மூச்சுக்கு, ஒரே மூச்சில் ஒன்று இரண்டு எண்ணச் சொல்வது பழைய வழி. நொடிக்கு இரண்டு எண் வீதம் ஆங்கிலத்தில் எண்ணினால் திடகாத்திரமானவர் 40-ஐத் தாண்டுவார். தமிழில் "இருபத்தி ஏழு" சொல்வதற்குள் நேரம் ஓடிவிடும். பேச்சு குழறுபவருக்கு வழியிலேயே காற்று வீணாகவும் போகும். அதனால் புத்தகத்து எண்ணோடு ஒப்பிடாதீர்கள். வாரம் ஒருநாள், அதே நேரம், அதே ஆள் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். போன மாதம் 22 வரை போனவர் இந்த மாதம் 13-ல் நின்றால் அந்தக் காலண்டரே டாக்டருக்குப் போதும்.

இருமலை மறந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், ஒரு நோயாளியைப் பார்த்ததும் முதலில் இருமச் சொல்வேன். நல்ல இருமலுக்குத் தொடக்கத்தில் ஒரு வெடிப்பு இருக்கும். வெடிப்பில்லாமல் "ஹ்ஹ" என்று தொண்டையைச் செருமுவதுபோல் வந்தால் சளியை வெளியே தள்ள வலு இல்லை. ஆஸ்துமாகாரர்கள் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரிலேயே இருமச் சொல்லி அளக்கலாம். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால், சளிக் காய்ச்சல் வரும்போது ஆபத்து. வயிற்றை அழுத்தி இருமச் செய்வது, கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையால் மூச்சின் மேல் மூச்சாக நிரப்பி இருமச் செய்வது, இரண்டையும் பிசியோதெரபிஸ்ட் உங்களுக்கே கற்றுத் தருவார். சாதாரண நாளிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது சிலிண்டர். நான் பயிற்சியில் இருந்தபோது, இதே நோய் உள்ள ஒருவர் மூச்சு முட்டுகிறதென்று வந்தார். இரவுப் பணியில் இருந்த நாங்கள் ஆக்சிஜனை வைத்துவிட்டு, கிளிப்பில் 99 பார்த்து நிம்மதியாக நகர்ந்தோம். விடியற்காலையில் அவரை எழுப்ப முடியவில்லை. கார்பன் டை ஆக்சைடு ஏறிப் போயிருந்தது. மெஷின் வைத்த பிறகு மெல்ல விழித்தார், ஆனால் அந்த விடியல் எனக்கு மறக்கவில்லை. மூச்சு போதாதவருக்கு ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் எண் அழகாகிவிடும், கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்கும். தூக்க மாத்திரையும் மூச்சை மேலும் மந்தமாக்கும்.

அவருக்குத் தேவைப்படுவது அநேகமாக பைபாப். இரவில் முகமூடி மாட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றை அழுத்தி உள்ளே கொடுக்கும் மெஷின். குறட்டைக்காரர்களுக்கு விற்கும் சிபாப் வேறு, கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள். 2006-ல் இங்கிலாந்தில் 41 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பேச்சு, விழுங்கும் தசைகள் அதிகம் கெடாதவர்களுக்கு இந்த மெஷின் ஏறக்குறைய ஏழு மாத ஆயுளைக் கூட்டியது. அந்தத் தசைகள் மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை, ஆனாலும் சிரமம் குறைந்தது. உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாங்கும்போது இன்வெர்ட்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மே மாதக் கரண்ட் கட் உங்களுக்குத் தெரியாததா?

இந்த வாரமே வேலூருக்கு அழைத்து வாருங்கள். சி.எம்.சி.யோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ, உங்கள் வசதி. பஸ்ஸிலோ காரிலோ உட்கார்ந்தே வரட்டும், படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டாம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குழப்பமாகப் பேசினால், எழுப்பினால் எழாவிட்டால், உட்கார்ந்த நிலையிலேயே வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், வாரமெல்லாம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வருபவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள்; எண் இறங்கியிருந்தால் ஆக்சிஜனைத் தடுக்க வேண்டாம், மூச்சு மெஷினும் வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். விழுங்குவது கஷ்டமானால் வயிற்றில் டியூப் வைக்கும் பேச்சும் வரும். மூச்சு இன்னும் குறைவதற்கு முன்பே அதைச் செய்வதுதான் பத்திரம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பேசப் பேசக் குரல் மூக்கில் போய்த் தேய்ந்து, ஓய்வெடுத்தால் தெளிந்தால் அது மயஸ்தீனியாவாக (நரம்பின் சேதி தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்) இருக்கலாம், அதற்கு நல்ல மருந்து உண்டு. கால் வலு சில நாட்களிலேயே குறைந்து குரலும் மங்கினால் அன்றே ஆஸ்பத்திரி. தசைச்சிதைவு உள்ள பையன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பதால், "மூச்சு வாங்குகிறது" என்று சொல்லவே மாட்டான். அவனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஊதும் டெஸ்ட் எடுக்க வேண்டும். 1970-ல் சென்னை மருத்துவர்கள் எழுதி வைத்த "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்று ஒரு வகையும் நம் பக்கம் உண்டு. இளம் வயதில் காது மந்தம், முகத்தசைத் தளர்ச்சி, பேச்சுக் குழறலோடு வரும், மெதுவாகத்தான் நகரும்.

கடைசியாக, மகளோடு போன் பேச்சு. சும்மா போனை விட்டு வீடியோவில் பேசச் சொல்லுங்கள், உதட்டசைவு பாதியைப் புரியவைத்துவிடும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு சொல்லோடு நிறுத்தட்டும். பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கும்போது எழுத்துப் பலகையும் கேளுங்கள். மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: புரியாவிட்டால் "ம், சரிப்பா" என்று ஒப்புக்குத் தலையாட்ட வேண்டாம், "எந்த எழுத்தில் ஆரம்பிக்குதுப்பா?" என்று கேட்கட்டும்.