நினைவகத்துக்குள்ளேயே கணக்கிடும் சில்லுகளில் மின்சாரம் எங்கே செலவாகிறது?

“நரம்பியல் வலையமைப்பின் எடைகள் (உள்ளீடுகளைப் பெருக்கும் எண்கள்) நினைவகத்தை விட்டு நகர்வதே இல்லை என்றால், மின்செலவு ஏன் இன்னும் அதிகமாக இருக்கிறது?” என்று பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வழக்கமான சில்லு, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் சமைத்துக்கொண்டே ஒவ்வொரு பொருளுக்கும் தொலைவிலுள்ள தேக்கா சந்தைக்கு ரயிலேறுவதைப் போன்றது. நினைவகத்திலேயே கணக்கிட்டால் அந்தப் பயணம் மிச்சமாகிறது. செல்கள் எனப்படும் நினைவக அலகுகள் வரிசைகளும் நெடுவரிசைகளுமாக அடுக்கப்பட்டிருக்கும்; மின்னழுத்தம் உள்ளீடாகவும் மின்கடத்துதிறன் எடையாகவும் அமைய, ஓம் விதி பெருக்கலையும் கிர்க்காஃப் விதி கூட்டலையும் செய்துவிடுகின்றன. ஆனால், நெடுவரிசையில் சேரும் மின்னோட்டத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி சுற்றுதான் பெரும்பங்கு மின்சாரத்தை விழுங்குகிறது. ஒரு பிட் கூடினாலே அதன் செலவு வெகுவாக ஏறிவிடும்.

2016இல் வெளியான ஐசாக் (ISAAC) என்ற சில்லு வடிவமைப்பு இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. 128 வரிசைகள், செல்லுக்கு 2 பிட் (0 முதல் 3 வரையிலான எடை), உள்ளீடு ஒவ்வொரு பிட்டாக வருகிறது என்றால், தொகை 128 × 3 = 384 வரை போகும்; 8 பிட்டில் 255 வரைதான் எண்ண முடியும் என்பதால் அதற்கு 9 பிட் தேவை. எடைகளின் கூட்டுத்தொகை பாதியைத் தாண்டும் நெடுவரிசைகளில் மட்டும் ஒவ்வொரு எடையையும் 3இலிருந்து கழித்துச் சேமித்தால், தொகை 192ஐத் தாண்டாது என்பதால் 8 பிட்டே போதும். அந்த நெடுவரிசைகளுக்கு, உள்ளீடுகளின் கூட்டுத்தொகையை 3ஆல் பெருக்கி, நெடுவரிசையில் வந்த தொகையை அதிலிருந்து கழித்தால், துல்லியம் சற்றும் குறையாமல் அசல் விடை கிடைத்துவிடுகிறது.