அணைக்கு இருபுறமும் பிளாட்டிபஸ் இருந்தால் போதாதா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், மிட்டா மிட்டா ஆற்றங்கரையில் வசிக்கிறேன். இங்குள்ள டார்ட்மவுத் அணைக்கு மேலேயும் கீழேயும் பிளாட்டிபஸ் (வாத்து போன்ற அலகுள்ள, முட்டையிடும் பாலூட்டி) இருக்கிறது. பிறகு அணையால் என்ன ஆபத்து? நாங்களே இரண்டைப் பிடித்து மறுபுறம் விடலாமா?

பதில்: விடக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். ஆணின் பின்னங்காலில் விஷமுள் வேறு இருக்கிறது. குத்தினால் மார்ஃபின் என்ற வலிநிவாரணிக்கும் எளிதில் அடங்காத வலி.

சரி, ஆபத்து என்ன? சின்னத் தடுப்பணை என்றால் பிளாட்டிபஸ் கரையேறிச் சுற்றிப் போய்விடும், நரியிடம் சிக்காமல் இருந்தால். டார்ட்மவுத் 180 மீட்டர் உயரம். அதன் பின்னால் தேங்கும் நீரும் பெரும்பகுதி ஆழம். ஆற்றடியில் புழு பூச்சி தேடித் தின்னும் விலங்குக்கு அங்கே வேலையில்லை. தாயை விட்டுப் பிரியும் குட்டிகள் இடம் தேடி அந்தப் பக்கம் போக முடிவதில்லை. இரு கூட்டமும் தனித்தனியே இனப்பெருக்கம் செய்ய, சில மரபணு வகைகள் தற்செயலாகவே ஒரு பக்கம் அற்றுப்போகின்றன. கூட்டம் சிறிதானால் இது வேகமாக நடக்கும்.

2022இல் வெளியான ஓர் ஆய்வு, அணையுள்ள ஆறுகளைப் பக்கத்திலுள்ள அணையில்லாத ஆறுகளோடு ஒப்பிட்டது. அணைக்கு இருபுறமும் உள்ள கூட்டங்களுக்கு இடையிலான மரபணு வேறுபாடு, அணையில்லாத ஆற்றில் இருப்பதைவிட 4 முதல் 20 மடங்கு அதிகம். அணை பழையதாக ஆக வேறுபாடும் கூடியிருந்தது. எனக்கு இதுதான் வலுவான சான்று: வேறுபாடு முன்பே இருந்திருந்தால் அணையின் வயதோடு ஏன் கூட வேண்டும்? இத்தனைக்கும் டார்ட்மவுத் கட்டி முடிந்தது 1979இல்தான். 20 ஆண்டுகூட வாழக்கூடிய விலங்குக்கு அது சில தலைமுறைதான்.

நாளைக்கே அழிந்துவிடும் என்று அர்த்தமில்லை. பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது தனித்துப்போன, விக்டோரியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள கிங் தீவில், மரபணு வளம் மிகக் குறைந்தும் பிளாட்டிபஸ் இன்னும் வாழ்கிறது. ஆனால் புதிய நோயோ கடும் வறட்சியோ வந்தால் தாக்குப்பிடிக்க மரபணுக் கையிருப்பு குறைவு.

இடம் மாற்றுவது நல்ல யோசனைதான், மரபணுவும் நோயும் சோதித்து நிபுணர்கள் செய்தால். சிட்னி அருகே ராயல் தேசியப் பூங்காவில் 2023இல் வேறு இடங்களிலிருந்து பிளாட்டிபஸ் கொண்டுவந்து விட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: பார்த்த இடம், நேரம், அணைக்கு எந்தப் பக்கம் என்று குறித்து வனவிலங்குப் பதிவேட்டில் சேருங்கள். ஆற்றுநீரில் மரபணுத் தடயம் தேடும் சோதனை இருப்பைத்தான் சொல்லும், இரு கூட்டமும் கலக்கிறதா என்பதைச் சொல்லாது. அப்புறம், நண்டு இறால் பிடிக்கும் மூடிய ‘ஓபரா ஹவுஸ்’ வலை பழைய கொட்டகையில் கிடந்தால் வெட்டி எறியுங்கள். உள்ளே போகும் பிளாட்டிபஸ் சில நிமிடத்தில் மூழ்கிச் செத்துவிடும். விக்டோரியாவில் 2019 முதல் அதற்குத் தடை.