கணையக் கட்டி: எந்த ஊசியால் சோதிக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மஞ்சள் காமாலைக்கு சி.டி. எடுத்ததில், கணையத்தின் தலைப்பகுதியில் 3 செ.மீ. கட்டி தெரிந்தது. ஊசியால் கட்டியிலிருந்து சிறிது எடுத்துச் சோதிக்க, ஒரு டாக்டர் எப்.என்.ஏ. (செல்களை உறிஞ்சுவது) போதும் என்கிறார், இன்னொருவர் எப்.என்.பி. (திசுவை நறுக்கி எடுப்பது) செய்யச் சொல்கிறார். ஸ்கேன் சென்டர் ஆள், 'வயிற்றின் மேலேயே குத்திவிடலாம், செலவு குறைவு' என்கிறார். குத்தினால் பரவுமோ என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: முதலில் ஊசி தேவையா என்று கேளுங்கள். ஸ்கேன் புற்றுநோய் என்றே காட்டி, ஆபரேஷனில் எடுக்கவும் முடியுமென்றால், பயாப்ஸி (இப்படி ஊசியால் எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே கட்டியை எடுத்துவிடலாம். முதலில் கீமோ என்றால் பயாப்ஸி கட்டாயம். கணைய அறுவை நிபுணர் ரிப்போர்ட்டை மட்டும் அல்ல, ஸ்கேன் படத்தையே பார்க்கட்டும். அதுவரை யாரையும் குத்த விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்கி வீங்க வைக்கும் நோய் ஒன்று உண்டு. அதிலும் காமாலை வரும், ஸ்கேனில் அச்சு அசல் புற்றுக்கட்டி போலவே தெரியும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையிலேயே சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும். அதற்குப் போய் கணையத்தை வெட்டி எடுத்தால் எவ்வளவு கொடுமை! இந்த நோயைக் காட்டிக்கொடுக்க உதவும் ஐ.ஜி.ஜி.4 ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். அது இயல்பாக இருந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. அப்படி இழுபறியானால் பயாப்ஸி வேண்டும், அதுவும் எப்.என்.பி.தான்.

எப்.என்.ஏ. ஊசி செல்களை உறிஞ்சி எடுக்கும், அதைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பார்கள். எப்.என்.பி. ஊசியின் முனை திசுவையே நறுக்கி எடுக்கும். அந்தத் திசு, பார்மலின் (கெடாமல் காக்கும் திரவம்) பாட்டிலில் ரத்தக்கட்டிகளுக்கு நடுவே வெள்ளை நூல் மாதிரி மிதக்கும். பின்னால் மரபணுச் சோதனைக்கும் அந்த நூல்தான் உதவும். என் தேர்வு எப்.என்.பி. ஆனால் பக்கத்திலேயே நோய்க்குறியியல் நிபுணர் உட்கார்ந்து உடனுக்குடன் பார்த்துச் சொல்லும் இடத்தில் எப்.என்.ஏ.வும் தாழ்ந்ததில்லை. அந்த வசதி எத்தனை ஊரில் இருக்கிறது?

அம்மாவிடம் சொல்லுங்கள்: எண்டோஸ்கோப்பி (வாய் வழியே விடும் குழாய்) வழியாகச் செய்தால் ஊசி முன்சிறுகுடல் வழியே போகும். தலைப்பகுதிக் கட்டியை ஆபரேஷனில் எடுக்கும்போது அந்தக் குடலும் சேர்ந்தே வந்துவிடும். வயிற்றின் மேலே குத்தினால் ஊசி போன பாதை உள்ளேயே தங்கிவிடும், அதில் புற்று செல் சிந்தியிருந்தால் அதுவும் தங்கிவிடும். கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர் இதைச் சொல்ல மாட்டார். 'ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்' என்று சி.ஏ. 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனை பாக்கேஜ் விற்பவரையும் நம்பாதீர்கள். பித்தக்குழாய் அடைத்தாலே அது ஏறிவிடும்.

காமாலைக்கு ஸ்டென்ட் (பித்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் சிறு குழாய்) வைப்பதாக இருந்தால், முடிந்தவரை அதற்கு முன்பே ஊசியை முடித்துவிடச் சொல்லுங்கள். ஸ்டென்ட் வந்துவிட்டால் கட்டியின் விளிம்பு சரியாகத் தெரியாது. ரிப்போர்ட்டில் 'புற்று செல் இல்லை' என்று வந்தாலும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள், ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும், அதைப் பார்த்த கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். 'தர மாட்டோம்' என்று விரட்டுவார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். அவை இல்லாமல் அடுத்த மருத்துவமனைக்குப் போனால், அப்பாவை மறுபடியும் குத்துவார்கள்.