பட்டறைக் கேள்வி பதில்: குரோம் ஸ்பிரே எங்கே காலை வாருகிறது?

கேள்வி: ஐயா, பழைய பைக் ஒன்றைப் பிரித்து நானே மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஹெட்லைட் கிண்ணத்துக்கும் இரண்டு பக்க மூடிகளுக்கும் குரோம் ஸ்பிரே அடித்தேன். அன்றைக்கு முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது. பாதுகாப்புக்காக மறுநாள் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்ததும் பழைய அலுமினியப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. கிளியர் மட்டமான சரக்கா?

பதில்: கிளியரைத் திட்டாதீர்கள் தம்பி. நான் முதன்முதலில் ஒரு ஜோடி மட்கார்டுக்குக் குரோம் அடித்தபோது, இதே காரியத்தை அன்று மாலையே செய்தேன். ராத்திரி பூட்டும்போது கண்ணாடி. காலையில் திறந்தால் ஈயம். வண்டிக்காரர் வருவதற்குள் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க மூன்று நாள் போனது.

கேனுக்குள் குரோமியம் கிடையாது. நிஜக் குரோம் என்பது மின்முலாம். பெரும்பாலும் முதலில் நிக்கல், அதன் மேல் மெல்லிய குரோமியம். உங்கள் கேனில் இருப்பது பொடிப்பொடியான அலுமினியத் தகடு, கொஞ்சம் பிசின், நிறைய கரைப்பான். அடித்தவுடன் அந்தத் தகடுகள் மேலே மிதந்து வந்து, மீன் செதில் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று படுத்துக்கொள்கின்றன. படுத்திருக்கும் வரைதான் கண்ணாடி. கிளியரில் இருக்கும் தின்னர் அந்தப் பிசினை மறுபடி இளக்கிவிட்டால் தகடுகள் கலைந்து கோணல்மாணலாக நிற்கும். வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறும். உங்களுக்குத் தெரியும் சாம்பல் நிறம் அதுதான்.

அப்படியானால் கிளியரே வேண்டாமா? கை படாத, உரசாத இடம் என்றால் நான் அடிக்க மாட்டேன். கை படும் இடத்துக்குக் கிளியர் இல்லாமல் முடியாது. தொட்டால் விரலில் வெள்ளிப்பொடி ஒட்டிக்கொண்டு வரும். குரோம் தயாரித்தவரே அதற்கென்று கிளியர் விற்றால் அதையே வாங்குங்கள். குரோம் நன்றாக இறுக, கேனில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேலும் சில நாள் விடுங்கள். பிறகு முதல் இரண்டு கோட்டையும் பனி விழுவது போல, ஈரம் தெரியாமல் அடியுங்கள். அப்படிச் செய்தாலும் பளபளப்பு கொஞ்சம் குறையும். குறையவே குறையாது என்று யாராவது சொன்னால் ஒரு துண்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இறுக வைக்கும் திரவமான ஹார்டனரைக் கலக்கும் இரண்டு பாகக் கிளியர் அடிப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இருக்கிறவர்களிடம் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடியில் சில்வர் பிரைமர் கொடுத்தால் பளபளப்பு கூடுமா? எத்தனை கோட் அடிக்க வேண்டும்?

பதில்: சில்வர் வேண்டாம், கறுப்பு. அதுவும் பளபளக்கும் கறுப்பு. குரோம் கோட் அவ்வளவு மெல்லியது. கீழே என்ன இருக்கிறதோ அதைத்தான் மேலே காட்டும். மங்கலான கறுப்பின் மேல் அடித்தால் மங்கலான வெள்ளிதான் கிடைக்கும். பட்டி பார்த்த இடத்தில் ஒரு ஊசித்துளை இருந்தால்கூடச் சாதாரண பெயிண்ட் மன்னித்துவிடும், குரோம் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

என் சோதனை எளிது. கறுப்பு காய்ந்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பேன். டியூப்லைட்டின் ஓரம் கோடு போட்டாற்போல் கூர்மையாகத் தெரிகிறதா, அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி நெளிகிறதா? நெளிந்தால் 1500, பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். பாலிஷின் மெழுகு துளி மிஞ்சினாலும் குரோம் அந்த இடத்தில் ஒட்டாமல் ஒதுங்கும். அதனால் மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்துவிட்டு, அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது.

அப்புறம் காய்வது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பாருங்கள். தின்னர் வாடை இன்னும் வந்தால் கறுப்பு உள்ளே காயவில்லை. அதன் மேல் குரோம் அடித்தால் கரைப்பான் கறுப்புக்குள் இறங்கி, எல்லாம் குழம்பிப்போகும்.

கோட் கணக்கைக் கேட்காதீர்கள், கண்ணை நம்புங்கள். கேனுக்குள் இருக்கும் சின்னக் குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் இரண்டு நிமிடம் கேனைக் குலுக்குங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். பொருளுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, பொருளைக் கடந்து வெளியே போய் விடுங்கள். முதல் கை அடித்ததும் கறுப்பு தெரியும், பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த கைகளில் ஒரு கட்டத்தில் கறுப்பு சட்டென்று மறைந்து உங்கள் முகம் அதில் தெரியும். அங்கேயே கேனைக் கீழே வையுங்கள். 'இன்னும் ஒரு கை போட்டுவிடுவோம்' என்று கெடுத்தவர்கள்தான் அதிகம், என்னையும் சேர்த்து. தடிமன் கூடக்கூடச் சாம்பல்தான் கூடும். மழை நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். காற்றின் ஈரம் படிந்து பால் ஊற்றினது போல வெளுத்துவிடும்.

எதையும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பாருங்கள். கறுப்பு, குரோம், கிளியர் எல்லாம் அதே வரிசையில். அதன் வளைவில் தப்பு பளிச்சென்று தெரியும். எங்கள் பட்டறையில் தேதி எழுதின ஸ்பூன்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

கேள்வி: பெட்ரோல் டேங்குக்கும் சைலன்சருக்கும் அடிக்கலாமா?

பதில்: சைலன்சருக்கு வேண்டாம், சூட்டில் நிற்காது. டேங்குக்கு அடிக்கலாம், ஆனால் மூடியைச் சுற்றிச் சிந்துகிற பெட்ரோல், கிளியர் இல்லாத குரோமைத் துடைத்தெடுத்துவிடும்.

கேள்வி: இரட்டை மூக்குத் துப்பாக்கியால் தண்ணீர் போல எதையோ பீய்ச்சி முழுக் காரையும் கண்ணாடியாக்குகிறார்களே, அதுவும் இதே பெயிண்டா?

பதில்: இல்லை, அது நிஜ வெள்ளி. பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாய்க்குள் வெள்ளிக் கண்ணாடி வரவழைத்திருப்பீர்களே, அதே வேதியியல். 1835இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கவனித்து எழுதியது. ஒரு மூக்கில் அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட், இன்னொன்றில் அதை வெள்ளியாக மாற்றும் கரைசல். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளி படிகிறது. அதற்கு முன்னால் பரப்பைத் தகர உப்புக் கரைசலால் நனைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உப்பு நீக்கிய தண்ணீரால் கழுவுவார்கள். குழாய்த் தண்ணீர் என்றால் திட்டுத்திட்டாகக் கறை விழும். படிவது தனித்தனிச் செதிலாக இல்லாமல் ஒரே படலமாக இருப்பதால் கிளியர் அடித்தாலும் கண்ணாடி கலையாது. லேசாக மஞ்சள் தட்டும். அதை மறைக்கக் கிளியரில் துளி நீலமோ ஊதாவோ கலப்பதுண்டு.

வீட்டில் முயல வேண்டாம். வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்பாகிப் பல நாள் போகாது. அதைவிட முக்கியம், அம்மோனியா கலந்த அந்தக் கரைசலை மிச்சம் வைத்தால் நாள்பட வெடிக்கும் பொருளாக மாறும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முறைப்படி அழித்துவிட வேண்டும்.

கேள்வி: குரோம் டேங்கில் கறுப்புத் தீச்சுவாலை வரைய வேண்டும். குரோம் மேல் டேப் ஒட்டலாமா?

பதில்: ஒட்டினால் டேப்போடு குரோமும் வரும். தலைகீழாக யோசியுங்கள். முழு டேங்கும் பளபளக்கும் கறுப்பு. நன்றாக இறுகிய பிறகு சுவாலை வடிவத்தில் டேப் ஒட்டி மூடிவிட்டு, சுற்றிலும் குரோம் அடியுங்கள். கொஞ்சம் ஆறினதும் டேப்பைத் தாழ்வாக மடக்கி மெதுவாக உரியுங்கள். ஓரத்தில் குரோம் பிய்ந்துகொண்டு வந்தால் நிறுத்திவிட்டு, புது பிளேடால் அந்த ஓரத்தை லேசாகக் கீறிக்கொண்டு அப்புறம் இழுங்கள்.