சீன மொழி பேசுவோர் ஆங்கிலச் சொல் வடிவங்களுக்கு ஏன் தனிப்பயிற்சி எடுக்கிறார்கள்?

சொல் வடிவம் என்பது, ஒரே சொல் வாக்கியத்தில் தன் வேலைக்கு ஏற்ப உருமாறுவது. ஆங்கிலத்தில் வெற்றி பெறுவது 'சக்ஸீட்', வெற்றி 'சக்ஸஸ்', வெற்றிகரமான என்றால் 'சக்ஸஸ்ஃபுல்'. மாண்டரின் சீனத்தில் மூன்றுக்கும் 'செங்-கொங்' என்ற ஒரே சொல் போதும். அது எங்கே நிற்கிறது, பக்கத்தில் என்ன வருகிறது என்பதை வைத்தே பெயரா வினையா என்று புரிந்துகொள்வார்கள்.

நம் தோள் துண்டை நினைத்துப் பாருங்கள். தலையில் கட்டினால் முண்டாசு, தரையில் விரித்தால் படுக்கை. துண்டு என்னவோ அதேதான். சீனச் சொல்லும் அப்படித்தான். ஆங்கிலச் சொல் தைத்த உடுப்பு. சட்டையைக் காலில் மாட்ட முடியாது.

அதனால் பொருள் தெரிந்தாலும் சீன மாணவருக்குப் பாதி வேலைதான் முடிந்திருக்கும். சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவிலும் இது வருகிறது: ஒரு பத்தியில் 10 வெற்றிடங்கள், பலவற்றின் அருகே மூலச்சொல் இருக்கும், சரியான வடிவத்தை எழுத வேண்டும். நீண்ட பட்டியலை உருப்போடுவதைவிட, ஒரு சொல்லின் குடும்பத்தையே எடுத்து ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் பழகுவது மேல் என்பேன்.

அப்புறம், சீனத்துக்கு இலக்கணமே இல்லை என்று சிலர் நினைப்பது தவறு. சொல் வரிசையும் 'லெ' போன்ற குட்டி இடைச்சொற்களும்தான் அங்கே இலக்கணம்.