முதலில் அரை ஏக்கர்: பேரையூர் மகளிர் குழுவின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் எங்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த 12 குடும்பங்களுக்கும் சேர்த்து 18 ஏக்கர் கரிசல் மானாவாரி நிலம் உள்ளது. பல ஆண்டுகளாக மக்காச்சோளம் போடுகிறோம். உரக்கடைக் கடன் தீரவில்லை. வீட்டுக்கு வேண்டிய பருப்பைக்கூட விலைக்குத்தான் வாங்குகிறோம். இயற்கை விவசாயத்துக்கு மாறினால் எங்களுக்கும் ஊருக்கும் விடிவு உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விடிவு உண்டு, ஆனால் 18 ஏக்கரையும் ஒரே பருவத்தில் மாற்றாதீர்கள். ரசாயன உரத்துக்குப் பழகிய நிலத்தில் அதை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் ஓரிரு ஆண்டுகள் விளைச்சல் குறையக்கூடும், கடனில் இருக்கும் குடும்பம் அந்த இழப்பைத் தாங்க முடியாமல் பழையபடியே திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் அரை ஏக்கரை மட்டும் ஒதுக்கி, அதில் சந்தைக்குப் போகும் பயிரை விட்டுவிட்டு, வீட்டில் உலையேறும் பயிரை விதையுங்கள். உங்கள் மண்ணுக்கு அது குதிரைவாலி என்னும் சிறுதானியம்.

அரை ஏக்கர் என்று சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. மானாவாரியில் சுமாரான மழைக்கு ஏக்கருக்கு 500 கிலோ என்று வைத்தால் அரை ஏக்கரில் 250 கிலோ தானியம் வரும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகப் போக, 165 கிலோ அளவுக்கு அரிசி தேறும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 கிராம் வீதம் தினமும் ஒரு வேளை சமைத்தால் ஆண்டுக்குத் தேவை 146 கிலோ. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்புகிறது என்பது உண்மைதான். நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் பருப்பும்தான் நம் தட்டில் குறைகின்றன. அதனால் குதிரைவாலிக்கு இடையில் உளுந்தையோ துவரையையோ வரிசையாகப் போடுங்கள். ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரம் கலந்து விதைத்த பயறு, காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் பிடித்து வைத்து உரச்செலவையும் குறைக்கும்.

மதுரை வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யூ. 1 ரகம் ஏறக்குறைய 100 நாளில் அறுவடைக்கு வரும். ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பாகப் போட்டுவிட்டால் முதல் மழையிலேயே முளைத்துக்கொள்ளும். அடியுரத்துக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் வேண்டும் என்பதால், அறுவடை முடிந்த கையோடு ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் சொல்லி ஆட்டுக்கிடை போடச் செய்யுங்கள்; இரவில் வயலில் அடையும் மந்தையின் சாணமும் மூத்திரமும் உரமாகும். சாணமும் கோமியமும் வெல்லமும் கரைத்துப் புளிக்க வைக்கும் ஜீவாமிர்தத்தைத் தெளித்தால் மட்டுமே மண் தேறிவிடும் என்று நம்ப வேண்டாம். கண்மாய் வண்டலைச் செவல் நிலத்துக்கு அடித்தால் ஈரம் நிற்கும், கரிசலுக்கு அது அவ்வளவாகப் பயன் தராது, எனவே அந்த வண்டிக்கூலியை மிச்சப்படுத்துங்கள்.

மீதி 12 ஏக்கரில் மக்காச்சோளம் இருக்கட்டும். 2018-இல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு தமிழகத்துக்குள் வந்த பிறகு மருந்துச் செலவு எவ்வளவு ஏறியது என்பது உங்களுக்கே தெரியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கும், வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறும் போட்டால் அந்தச் செலவு குறையும்.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது உமி நீக்கும் இயந்திரத்தைப் பற்றித்தான். உங்கள் வட்டாரத்தில் குதிரைவாலி விளைந்தும் வீடுகளில் சமைக்கப்படாமல் போனதற்குக் காரணம் நாக்கு மாறியது மட்டுமல்ல, உரலில் குத்தி உமி நீக்கும் அந்தக் கடும் உழைப்பு முழுவதும் பெண்களின் தோளில் விழுந்ததுதான். தானியத்தை உமியோடு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அதையே அரிசியாகப் பல மடங்கு விலையில் மதுரைக் கடைகளில் வாங்கும் நிலை இருக்கும் வரை, எந்தச் சாகுபடி முறையும் ஊரில் பணத்தைத் தங்கவிடாது. குழுவாக நீங்கள் முதலில் சேமிக்க வேண்டியது உமி நீக்கும் இயந்திரத்துக்கும் கல் பிரிக்கும் சல்லடைக்கும்தான். வாங்கும் முன் ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி வளாகத்துக்குச் சென்று உங்கள் தானியத்தையே கொடுத்து ஓட்டிப் பாருங்கள். உமி நீக்கிய அரிசி சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். உமியோடு குலுக்கையில் (மண்ணால் செய்த தானியக் குதிரில்) கிடக்கும் தானியமோ ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆதலால் தேவைக்கு மட்டும் அவ்வப்போது தீட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் குலுக்கையே பஞ்ச காலத்துக்குக் காப்பும் ஆகும். ஒவ்வொரு வீடும் அறுவடையில் 20 கிலோவைப் பொதுவில் போட்டால் 240 கிலோ சேரும். மழை பொய்த்த ஆண்டில் விதையாகவோ சோறாகவோ எடுத்துக்கொண்டு, அடுத்த அறுவடையில் திருப்பித் தரலாம். யாருக்கு எவ்வளவு, எப்போது திருப்புவது என்பதை முதல் கூட்டத்திலேயே குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

12 அரை ஏக்கர்களும் இயன்றவரை அடுத்தடுத்து அமைய வேண்டும், ஒரே வாரத்தில் விதைக்கப்பட வேண்டும். தனியாகக் கதிர் பிடித்த ஒற்றை வயலில் மயிலும் குருவியும் மொத்தமாக இறங்கிவிடும். ஆறு ஏக்கர் சேர்ந்திருந்தால் சேதம் பரவலாகும், காவலையும் முறை வைத்துப் பார்க்கலாம். பட்டா கணவர் அல்லது மாமனார் பெயரில் இருந்தால், மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது தடை வரும் என்பதால் சிட்டா, அடங்கல், சாகுபடி ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை ஆடி மாதத்துக்குள் தயார் செய்து வையுங்கள். குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்தாலே விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். இந்தியா முறையில் இயற்கைச் சான்றுக்குக் குழுவாகப் பதியலாம். வீட்டுத் தேவைக்கு மேல் விளையும் காலத்தில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.